லைட்ஹவுஸ் குப்பத்தில் கேலம் சொன்னது

போன ஜனவரியில் கேலம் ஸ்காட்லாந்திலிருந்து கூப்பிட்டு, முரளி வீட்டுக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டார். சில வருஷங்களுக்கு முன் சென்னையில் ஒரு கால்பந்து அணிக்கு நான் மொழிபெயர்ப்பாளர். கேலம் அதில் இடது விங்கர். முரளி பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை, தடுப்பாட்டக்காரன். பயிற்சியின்போது முரளி காலை நீட்டிப் பந்தைத் தட்டிய நொடியில் கேலமின் முழங்கால் போனது. அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. காலை உதைத்துவிட்டான் என்று பழி முரளி மேல் விழுந்து, அணி அவனையும் அனுப்பிவிட்டது.

சென்ட்ரலிலிருந்து பொன்னேரிக்கு மின்சார ரயிலில் ஒரு மணி நேரம், டிக்கெட் பத்து ரூபாய்தான். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ், சுமார் இருபது கிலோமீட்டர். வழியெல்லாம் கேலம் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினாறு வயதில் சொந்த ஊர் கிளப்பில் சேர்ந்தது, பதினைந்து வருஷம் இரண்டாம் டிவிஷனில் மழையிலும் சேற்றிலும் ஓடியது, பிறகு அங்கே யாரும் ஒப்பந்தம் தராமல் சென்னைக்கு வந்தது. ஏன் தரவில்லை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழவேற்காட்டிலிருந்து பாலம் தாண்டி, முரளி இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போக ஆட்டோவுக்கு நூற்றைம்பது. முரளி வீடு என்றதும் டிரைவர், "யாரு, வெள்ளக்காரன் கால ஒடச்சானே, அந்த முரளியா?" என்றார். பின்சீட்டில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியாது. கேலம் கேட்டதால் மொழிபெயர்த்தேன்.

முரளியும் அவன் அப்பாவும் ஃபைபர் படகு ஓரமாக வலை சரிசெய்துகொண்டிருந்தார்கள். முரளி எழுந்து வந்து முதலில் கேட்டது, "காலு இப்ப எப்டி இருக்குது?"

கேலம் உட்காரக்கூட இல்லை. "என் முழங்கால் சென்னைக்கு வரும் முன்பே கிழிந்திருந்தது. தெரிந்தால் வேலை கிடைக்காது என்று மறைத்தேன். உன்மேல் தப்பே இல்லை" என்றார்.

முரளிக்குத் தமிழில் சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பினான். "அப்பவே சொல்லிருந்தா நானும் ஆடிக்கினு இருந்திருப்பேனேக்கா" என்றான் என்னிடம். அதையும் சொன்னேன். "ஆமாம்" என்றார் கேலம். சாக்கு எதுவும் சொல்லவில்லை.

"நைனாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அவருக்கும் கேக்கறா மாரி சொல்லுக்கா" என்று அப்பாவைக் காட்டினான்.

குரலை உயர்த்தி மறுபடி சொன்னேன். பெரியவர் கேலமையே பார்த்தார். "அப்ப எம்புள்ள பந்தத்தான் தொட்டானா?"

"பந்தைத்தான்" என்றார் கேலம்.

"இத்தினி வருசமா நானே இவனத் திட்டிக்கினு இருந்தேன்" என்றவர், வலையை மடியிலிருந்து தள்ளிவிட்டு, மருமகளிடம் உலை வைக்கச் சொல்ல எழுந்து போனார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், கரையில் நிழல் கிடையாது. தண்ணீர் கையில் இருக்கட்டும். மன்னிப்புக் கேட்கப் போகிறவரோடு போனால் மொழிபெயர்ப்பில் எதையும் மென்மையாக்காதீர்கள். எனக்கு அந்த ஆசை வந்தது. இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடித்துவிடுவது நல்லது. நாங்கள் பிடிக்கவில்லை. முரளி விடவில்லை.