ஊர்ப்பெயரை எடுத்த பிறகு

பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகம் நீருக்குள் இருப்பதுபோல ஆகிவிடும். மேற்கு ஜன்னல்களின் பச்சைத் திரைகள் வழியே வெயில் இறங்கி மேசைகள்மேல் மெதுவாக அசையும். செங்கல்பட்டு ரயில் நிலையத்தின் அறிவிப்பு தூரத்தில் கரைந்து வரும். அந்த நேரத்தில்தான் கணினியில் ஆய்வுக் கட்டுரை தேடக் கற்றுத்தரும் வகுப்பை வைத்துக்கொள்வேன். நூலகராக என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

அன்று வகுப்பு முடிந்தும் ஒருவர் எழுந்திருக்கவில்லை. ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். கடப்பாக்கம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். கிராம செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்திருந்தார்.

"கடலுக்குப் போறவங்க கண்ணுல சதை வளருதே, அத பத்தி ஆய்வு பண்ணணும் மேடம். எங்க வூட்டுக்காரருக்கே கீது. வெள்ளிக்கெழமைக்குள்ள பழைய கட்டுரை எதுனா காட்டலன்னா, கை கழுவுறத பத்தி எடுத்துக்கோன்னுட்டாரு சாரு."

சார் என்றது அவருடைய ஆய்வு வழிகாட்டியை. முன்னால் யாரும் எழுதாத விஷயத்தில் மாணவர்களை இறக்கிவிட அவருக்குப் பயம்.

அவர் முன்னிருந்த கணினியில் தேடல் முடிவுகள் எதுவும் இல்லை. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்துபோகும் வகுப்புத் தோழி பையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னாடி, அப்போலேர்ந்து வலை போட்டுகினு கீற, ஒரு நெத்திலி கூட மாட்டலியா?"

"நீ போய் டிரெயின புடி."

தேடல் பெட்டியில் ஒரு முழு வாக்கியம் ஆங்கிலத்தில் இருந்தது: கடப்பாக்கம் மீனவ ஆண்களின் கண்ணில் சதை வளர்வதற்கான காரணங்களும் அதைப் பற்றிய அவர்களது அறிவும். ஆய்வின் தலைப்பை அப்படியே போட்டிருந்தார். இங்கே வரும் எல்லோரும் செய்வதுதான். தலைப்பை எழுதி எழுதி ஒப்புதலுக்கு அலைந்த கை, காலிப் பெட்டியைக் கண்டாலும் அதையே எழுதும்.

"இந்தச் சொல் எல்லாமே ஒரே கட்டுரையில இருக்கணும்னு அது தேடுது. ஒவ்வொண்ணா எடுங்க," என்றேன்.

காரணங்கள் போயின. அறிவு போயிற்று. ஆண்கள் போனார்கள். ஒன்றும் வரவில்லை. ஊர்ப்பெயருக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"ஊர எடுத்துட்டா அப்புறம் இன்னா மேடம் கீது? எவனோ ஒருத்தன் கண்ணு."

"ஊர் உங்க ஆய்வுல இருக்கும். தேடுறப்ப வேணாம்."

கொஞ்சம் யோசித்து அழித்தார். கட்டுரைகள் வரிசையாக இறங்கின. மீனவர் என்பதோடு 'அல்லது' போட்டுப் படகோட்டிகளைச் சேர்த்தோம். நோயின் மருத்துவப் பெயரோடு, அலைச்சறுக்கு விளையாடுபவர்களின் கண் என்று வெளிநாடுகளில் வழங்கும் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

"மாமல்லபுரத்துல பலகை வச்சிகினு வுழுந்து எழுந்துகினு இருக்கானுங்களே, அவனுங்களா?" என்று சிரித்தார்.

பிறகு தலைப்புகளை மெல்ல வாசித்தார். பெயர் தெரியாத தீவுகள், உப்பங்கழிகள், மணல்வெளிகள். எங்கெங்கோ ஆட்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு வெயிலில் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். திரைச்சீலையின் பச்சை அவர் முகத்தில் அசைந்தது. அறை கட்டவிழ்ந்த படகாக மிதப்பதுபோல எனக்குத் தோன்றியது. எந்தக் கடலில் என்று கேட்கத் தோன்றவில்லை.

"இவ்ளோ பேருக்கா," என்றார், என்னைப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடி வந்தார். வழிகாட்டி கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலைப்பை ஒப்புக்கொண்டாராம். சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். கணினி முன் உட்கார்ந்தார்.

"இது சாருக்கு இல்ல மேடம். ஆபரேசன் பண்ணா திரும்ப வளருமான்னு வூட்ல கேட்டுகினே கீறாரு. நானும் தெரியாதுன்னு சொல்லிகினே கீறேன்."

உதவலாமென்று நாற்காலியை இழுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். நோயின் பெயர், திரும்ப வருதல். இரண்டை மட்டும் தட்டினார். முதல் கட்டுரையைத் திறந்து, உதடு அசையப் படிக்கத் தொடங்கினார்.

அவர் தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டுவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.