டப்பாவை மூடிய பிறகு

செய்தி என் மகளின் முகத்தின்மேல்தான் வந்து விழுந்தது. எங்கள் ஷூ கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில் ஆண்டு விழா. முயல் காது கட்டிக்கொண்டு யாழினி ஆட, நான் கைப்பேசியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது அலுவலக வாட்ஸ்அப் குழுவின் செய்தி திரையில் இறங்கியது. உடல்நலமில்லாமல் விடுப்பில் இருந்த ஷமீம் அக்கா காலையில் காலமாகிவிட்டார். அதன்பின் ஆட்டம் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. இறங்கி ஓடிவந்த யாழினி, "பாத்தியாம்மா?" என்றாள். நான் குனிந்து அவள் முயல் காதை அவிழ்த்தேன்.

ஆம்பூர் அலுவலகத்தில் அவரோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்காக நமக்கு மதிய இடைவேளை நீளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்த நேரத்தில் ஒரு கையால் மெயில் அடிப்பேன், இன்னொரு கையில் போனைப் பிடித்துக் காப்பகத்தின் கேமராவைப் பார்ப்பேன். அக்கா பின்னால் வந்து நின்றார்.

"இன்னா கவிதா, பொண்ணு எதிர் பில்டிங்ல இருக்கா. நீ போன்ல பாத்துனு இருக்கே?"

"விழுந்துடுவாளோன்னு பயமா இருக்குக்கா."

"விழுந்தா போனுக்குள்ள கைய உட்டுத் தூக்குவியா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே போய் யாழினியை இடுப்பில் தூக்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கும் நம்மோடுதான் சாப்பாடு.

சாப்பிடும் முன் அக்கா சாம்பிள் அறையிலிருந்து ஒரு காலி ஷூ டப்பா எடுத்துவந்து, எல்லோருடைய போனையும் அதில் போடச் சொல்லி மூடி, மேலே தன் டிபன் கேரியரை வைப்பார். "துன்னு முடிச்சாதான் தெறக்கும்." மேனேஜர் சார் எட்டிப் பார்த்த அன்று அவரையும் விடவில்லை. "உங்களுதும் போடுங்க சார். போன் பெருசுன்னா பூட்ஸ் டப்பா தர்றேன்." சார் போட்ட கொஞ்ச நேரத்தில் டப்பா அதிர ஆரம்பித்தது. ஜெர்மனி பையர், நம் ஷூவுக்கு ஆர்டர் கொடுப்பவர். சார் முகம் வெளுத்தது. அக்கா கேரியரை அசைக்கவில்லை. "அவரு அஞ்சு நிமிஷம் இருப்பாரு சார். குஸ்கா ஆறிடும்." அந்த ஆர்டர் நமக்குத்தான் வந்தது, ஞாபகம் இருக்கிறதா?

யாராவது பேச ஆரம்பித்தால் அவர் கை சோற்றிலேயே நின்றுவிடும். சொல்பவர் யாழினியாக இருந்தாலும் அப்படித்தான். பட்டாம்பூச்சி செத்துப்போன கதையை அவள் சொல்லி முடிக்கும்வரை தால்சா குழம்பு காய்ந்த விரலோடு உட்கார்ந்திருந்தார். நான் அவளை அப்படி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

துக்கம் கேட்கப் போனோம். அக்காவின் மகள் எங்களிடம், "அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோ யார்கிட்டயாச்சும் இருக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் போனைத் தடவினோம். என்னிடம் யாழினியின் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் சிரித்த நேரமெல்லாம் நம் போன்கள் டப்பாவுக்குள் இருந்தன. வெறுங்கையோடு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் சார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜெர்மனிக் கதையைத் தொடங்கினார். குஸ்கா வரும் இடத்தில் அவர் அக்காவின் குரலிலேயே சொல்ல, அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்படியே அம்மா" என்றாள். பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனோம். யாரும் எதையும் மறந்திருக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை நான் ஒரு டப்பா கொண்டுவந்தேன். யாழினிதான் மூடினாள். சாப்பிட்டதும், "அந்த முயல் டான்ஸ அம்மாவுக்கு இன்னொரு தடவ ஆடிக் காட்டுடி" என்றேன். காது இல்லை, பாட்டு இல்லை. பாதியில் மறந்துபோய் நின்றாள், யோசித்தாள், தவளையாகிக் குதித்து முடித்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்டி. நடுவுல தவள எப்படி வந்துச்சு?"

"முயலோட தோஸ்த்" என்றாள்.

அக்கா விட்டுப்போனதில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இதைத்தான்: வெள்ளிக்கிழமையின் ஒரு வேளைச் சோறும், பார்த்தேன் என்று பொய்யில்லாமல் சொல்ல முடிவதும்.