கல்மரத்து நிழலில் இரண்டு மணி நேரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ரத்தமும் சளியும் மூத்திரமும் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். லேப் டெக்னீஷியன். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் இருப்பது தெரியும், இல்லாதது தெரியாது, என் உலகம் அவ்வளவுதான். யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால், "கடைசியா எப்போ ஹீமோகுளோபின் பாத்தீங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். இதைக் கேட்டு முடித்ததும் நீங்களும் என்னிடம் அதையே கேட்கலாம். எனக்குப் பன்னிரண்டரை, நன்றாகவே இருக்கிறது.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை கிடைத்தது திண்டிவனத்தில். ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஏழுமலை மாமா வீட்டு மாடி அறையில் வாடகைக்கு வந்து சேர்ந்தேன். ஊருக்கு வெளியே அவருக்கு நாலு ஏக்கர் நிலம், நெல்லும் வேர்க்கடலையும் போடுவார், வேர்க்கடலையை இங்கே மல்லாட்டை என்பார்கள். வந்த புதிதில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன், வீடே சிரித்தது. அப்புறம் மாமா, தனம் அத்தை என்றாகி, கீழேயே சாப்பாடு, கீழேயே டிவி என்று அந்த வீட்டில் ஒருத்தியாகிவிட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள், சுகந்தி அக்கா, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். கல்யாணமாகிச் சென்னையில் இருந்தவள். எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோய், பெற்றெடுத்துவிட்டு வெறுங்கையோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அப்படிப் பிறந்த பிள்ளையைத் தாய்க்குக் காட்டக்கூடாது, காட்டினால் மனசு அதோடேயே நின்றுவிடும் என்று சொந்தக்காரப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. மாமாதான் தன் துண்டில் சுற்றி எடுத்துப்போய், தன் நிலத்தில் போர்செட் பக்கத்தில் தனியாகப் புதைத்துவிட்டு வந்தார். பெண் குழந்தை என்று மட்டும் அக்காவிடம் சொன்னார்கள்.

அன்றிலிருந்து அவள் தூங்கவில்லை. நம்புங்கள், நாற்பது நாள். மாத்திரை போட்டால் ஒரு மணி நேரம் கண் மூடுவாள், எழுந்து மறுபடி வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். எதிரில் யார் வந்தாலும் ஒரே கேள்விதான், "அது யாரு மாதிரி இருந்துச்சி?" பதில் தெரிந்தவர் மாமா ஒருவர்தான், அவரோ அந்தக் கேள்வி வந்தாலே மோட்டார் போடணும் என்று கிளம்பிவிடுவார். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இல்லையென்றால் சென்னையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், காய் நறுக்கும் கத்தியைக்கூட ஒளித்துவைத்தாள். என்ன பயம் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் சித்திரை வருஷப் பிறப்பு திங்கட்கிழமை வந்து, மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு. "மலையும் கடலும் காட்டிட்டு வந்தா இவ மனசும் கொஞ்சம் ஆறும், நீயும் கூட வா கலா" என்றாள் அத்தை. ஞாயிறு காலையில் புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு மாமாவின் பழைய வேனில் நாலு பேரும் கிளம்பினோம். முதலில் மயிலம் மலை, அப்புறம் திருவக்கரை, சாயங்காலம் கடல். இதுதான் திட்டம்.

மயிலத்தில்தான் புத்தியில்லாத வேலை செய்தோம் என்று தெரிந்தது. லீவு நாள், முகூர்த்த நாள், மலை முழுக்கக் குழந்தைகளுக்கு மொட்டை அடிக்கிற கூட்டம். சந்தனம் பூசிய தலையோடு எந்தப் பக்கம் திரும்பினாலும் கைக்குழந்தை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுகந்தி அக்கா அழவில்லை, ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் கிட்டே போய்ப் பார்த்தாள், அவ்வளவுதான். பாதிப் படியில் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக் கூட்டி வந்தேன்.

வேனில் ஏறியதும் முன் சீட்டில் சாய்ந்து அப்பாவிடம் கேட்டாள், "அப்பா, இதுங்கள்ல யாரு மாதிரிப்பா இருந்துச்சி?"

மாமா கியரைப் போட்டார். "அவிச்ச மல்லாட்டை விக்கிறாங்க பாரும்மா, வாங்கட்டா?" என்றார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்ததைப் பின்னாலிருந்து நான் பார்த்தேன். எனக்கு அவர்மேல் அப்போது கோபம்தான் வந்தது.

திருவக்கரையில் வக்கிரகாளி கோயிலில் மகளுக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று அத்தை வந்திருந்தாள். மகளோ, "எனுக்கு எந்த சாமியும் வேணாம், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்று சொல்லிவிட்டாள். கோயில் வரிசை நீளமாக நின்றது. சரி, அவர்கள் திரும்பும் வரை நான் அவளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அங்கே உள்ள கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு காலத்தில் மரமாக இருந்து மண்ணில் புதைந்து கல்லாகிப்போன துண்டுகள் அங்கே செம்மண்ணில் அப்படியப்படியே கிடக்கும். கிட்டே போனால் பட்டை தெரியும், உள்ளே வளையம் வளையமாக வயசு தெரியும், தட்டினால் கல். கோடிக்கணக்கில் வருஷம் என்று போர்டில் எழுதியிருந்தது. வாட்ச்மேன் கேட்டருகில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் கண்ணயர்ந்திருந்தார். எங்களைத் தவிர உள்ளே ஆள் இல்லை.

மணி பன்னிரண்டு இருக்கும். உச்சி வெயில், தரை கொதித்தது. உள்ளே கொஞ்ச தூரம் போனதும், "இங்க உக்காரலாண்டி, நல்லா நெழலா கீது" என்றாள் அக்கா. அது நிழலாகத்தான் இருந்தது. நீளமாகக் கிடந்த ஒரு கல்மரத்தின் ஓரத்தில் உட்கார்ந்தோம். நான் சாய்ந்துகொண்டேன். அவள் துப்பட்டாவைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு மண்ணில் ஒருக்களித்துப் படுத்தாள். இரண்டே நிமிஷம், மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். நாற்பது நாளாக அந்த வீட்டில் யாரும் முழுசாக மூச்சு விடவில்லை, அவள் விடுகிற மூச்சைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அசைந்தால் எழுந்துவிடுவாளோ என்று அப்படியே இருந்தேன். காற்று வந்தது. தலைக்கு மேலே இலைகள் உரசுகிற சத்தம், அடர்ந்த மரத்தில் கேட்கிற மாதிரி, விட்டு விட்டுக் கேட்டது. அவள் முகத்தில் சின்னச் சின்ன வெயில் பொட்டுகள் நகர்ந்து நகர்ந்து விளையாடின. மழை பெய்து ஓய்ந்த மரப்பட்டை வாசனை. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் தூங்கவில்லை, அதை மட்டும் சத்தியம் செய்து சொல்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டேதான் இருந்தேன். ஆனால் நேரம் போனது தெரியவில்லை, போனைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. நம்பினால் நம்புங்கள், என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதையிலேயே நம்ப முடியாதது அதுதான்.

"ஐயோ, இப்டி வெய்யில்ல வெந்துக்கினு என்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்?"

தனம் அத்தையின் குரல். அந்தக் குரல் வந்ததும் வெயில் மொத்தமாக வந்து எங்கள்மேல் விழுந்தது. கண் கூசி எதுவும் தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறேன், நாங்கள் இருப்பது வெட்டவெளி. கேட்டருகில் இருந்த அந்த வேப்பமரத்தை விட்டால் அக்கம்பக்கத்தில் மரமே இல்லை. நான் சாய்ந்திருந்ததாகச் சொன்னேனே, அந்தக் கல் என் கணுக்கால் உயரம்தான், சாய அதில் இடமே கிடையாது. மணி இரண்டே கால். அத்தை ஓடிவந்து மகள் நெற்றியைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. நான் கல்லைத் தொட்டேன், நாங்கள் இருந்த பக்கம் கிணற்றடிக் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தது, ஒரு முழம் தள்ளித் தொட்டதும் விரல் சுட்டுவிட்டது.

சுகந்தி அக்கா எழுந்து கண்ணைத் தேய்த்தாள். "பசிக்குதும்மா" என்றாள். வேன் பக்கத்தில் நின்று ஒரு தூக்கு தயிர்சாதத்தையும் அவளே காலி செய்தாள். அத்தை காளி கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் நிழலைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

இரும்பை என்ற ஊரைத் தாண்டிக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. லீவுக் கூட்டம் ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்க, நாங்கள் ஒதுங்கிப் போனோம். எனக்கு உடம்பெல்லாம் செம்மண், நேராகத் தண்ணீரில் இறங்கி இடுப்பளவு நனைந்தேன். அக்கா கணுக்கால் தண்ணீரில் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கேள்வி கேட்கப் போகிறாள் என்று நினைத்துப் பயந்தேன். அவள் கேட்கவில்லை.

"அப்பா, தலை நெறைய முடிப்பா அதுக்கு. மூக்கு நம்ம அம்மா மூக்கு. பின்னங்கழுத்துல மல்லாட்டைப் பருப்பு அளவுக்குச் செவப்பா ஒரு மச்சம். சரியாப்பா?"

மாமா அலையிலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்து மண்ணானது. அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. "ஆமாம்மா, ஆமாம்மா" என்றார். "நான் பாத்தேன். துண்டுல சுத்தறப்ப பாத்தேன். உங்கம்மாகிட்டகூட சொல்லல. உனுக்குக் காட்டாம எடுத்துக்கினு போய்ட்டேம்மா, என்னை மன்னிச்சிடு." அவள் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தை கரையிலிருந்து என்ன, என்ன என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அரை மயக்கத்தில் பார்த்திருப்பாள், அது மனசில் கிடந்து கனவில் வந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். அலையில் நின்றபடியே நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்போது அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஒண்ணும் சொல்லாம வந்துட்ட பாரு. எம்மாம் நேரம் கொழந்தைய மடியில வெச்சிக்கினு இருந்த. நான் படுத்துக்கினே பாத்துக்கினு இருந்தேன். எனுக்கு மொகத்துல ஒரு பக்கம்தான் தெரிஞ்சிது. அது என்னைத் திரும்பிப் பாக்கவேல்ல, உன்னியேதான் நிமிந்து பாத்துக்கினு இருந்துச்சி."

இனி சொல்வதை அந்த வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. பூங்காவில் அத்தை கத்தியதும் நான் உடனே எழவில்லை, எழ முடியவில்லை. சம்மணம் போட்ட தொடை இரண்டிலும் உணர்வே இல்லை, ரொம்ப நேரம் ஒரு பாரத்தை வைத்திருந்த மாதிரி. சுடிதாரின் மடிப்பகுதி உள்ளங்கை அகலத்துக்கு ஈரமாக இருந்தது, வெதுவெதுப்பாக. பாட்டில் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். பாட்டில் வேனில் இருந்தது. தினமும் சாம்பிள் பார்க்கிற எனக்கு அது என்ன ஈரம் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் அவள் சொன்ன நேரத்தில் நான் இடுப்பளவு கடலில் நின்றுகொண்டிருந்தேன், மடியிலிருந்த தடம் உப்புத் தண்ணீரோடு போய்விட்டது. அப்புறம் கழுத்து. மூன்று நாள் பின்கழுத்து அப்படி வலித்தது. இலைச் சத்தம் கேட்டும் நான் ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த இரண்டு மணி நேரமும் குனிந்து கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். எதை என்று நினைவில்லை.

சுகந்தி அக்கா அன்று வேனில் வீடு வரைக்கும் தூங்கினாள், அதற்கப்புறம் எல்லா நாளும் தூங்கினாள். மொட்டைமாடிக் கதவு திறந்தாகிவிட்டது. இப்போது சென்னையில் புருஷனோடு நன்றாக இருக்கிறாள். போனில் பேசும்போதெல்லாம் கடைசியாக ஒன்று கேட்பாள், "அது கண்ணு எப்டிடி இருந்துச்சி? நீதான பாத்த." நான் எதையாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன், மாமா மல்லாட்டை வாங்கட்டா என்று கேட்ட மாதிரி.

போன மாதம் அப்படி மாற்ற முடியவில்லை. லேப்பில் வேலையாக இருந்தேன், ஒரு கையில் சிரிஞ்ச், போன் தோளில். அவள் கேட்டதும் யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது, "கறுப்பு இல்லக்கா. தேன் நிறம்." அந்தப் பக்கம் அவள் விசும்புவது கேட்டது. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டேன். மாமா பார்த்தபோது அந்தக் குழந்தைக்குக் கண் மூடியிருந்தது, அதன் கண் நிறம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. சரிபார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதைப் பொய் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.