குசினிக்குள் கிடந்த சோறு

பிள்ளையள், ஊரைப்பற்றி உங்களுக்கு நல்லதாகத்தான் சொல்லி வளர்த்தேன். இன்றைக்கு ஒரு கோவத்தை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

போன ஆவணியில் கனடாவிலிருந்து போய் இணுவிலில் உங்கடை அத்தை வீட்டில்தான் நின்றேன். பதினேழு வருசத்துக்குப் பிறகு அவவை, என்ரை தங்கச்சியை, பக்கத்தில் இருத்தி ஒருவேளை சாப்பிடவேண்டும், அதுதான் என்ரை ஆசை. நாலு நாளாக நடக்கவில்லை. எப்போது கேட்டாலும் "பிறகு சாப்பிடுறன் அண்ணை" என்பா.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் பத்துப் பேரை அத்தையின்ரை புருசன், உங்கடை மாமா, சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கூப்பிட்டது அவர். விடியமுதல் எழும்பிச் சொதிக்குத் தேங்காய் திருவினது அத்தை. அவவுக்கு ஒரு கிழமையாக நாரி நோவு. சுவரைப் பிடித்துத்தான் இடுப்பை நிமிர்த்துவா.

மத்தியானம் ஆம்பிளைகள் மேசையில் இருந்தோம். அவ சுற்றிச் சுற்றிப் பரிமாறினா.

"நீயும் வந்து இரன்."

"நீங்கள் முதல் சாப்பிடுங்கோ அண்ணை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ரை சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அத்தை பதறிப்போனா.

"என்ன வேலை செய்யிறியள்? அவர் என்னையெல்லே ஏசுவார்!"

"ஏசட்டும். நீ சாப்பிடாமல் நான் கை வைக்கமாட்டன்."

வெளியே ஒரே சிரிப்பு. "மச்சான், கனடாவிலை பொம்பிளையளோடை குசினிக்குள்ளைதான் இருத்துறவையோ?" என்று மாமா கத்தினார். பெரியப்பா முறையான ஒருவர், "அவனை விடு, அங்கை கோப்பை கழுவிப் பழகினவன்" என்றார். அதற்கும் சிரிப்பு.

ஓம், கழுவுகிறேன்தான். கழுவினால் கை தேய்ந்துபோகுமோ?

அத்தை எனக்கு முன்னால் இருந்தா. சோற்றைப் பிசைந்தா. ஒரு வாய்தான் வைத்தா. அதற்குள் மேசையிலிருந்து மாமா, "இஞ்சை, சொதி முடிஞ்சுது!"

நாலு அடி தள்ளி இருக்கிற, கைகால் சுகமான மனிசன். எழும்பி வந்து எடுத்தால் என்ன? ஆனால் பிள்ளையள், ஊரில் இருந்த காலத்தில் நானும் அப்படித்தான் கத்துவேன். அம்மா பாதிச் சாப்பாட்டில் எழும்பி ஓடி வருவா. அது பிழை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அத்தை நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. "இரு, நான் கொண்டுபோறன்" என்று சட்டியைப் பிடித்தேன். அவ விடவில்லை.

"அண்ணை, நீங்கள் இன்னும் ரெண்டு கிழமையிலை பிளேன் ஏறிடுவியள். உந்தச் சிரிப்பை வருசம் முழுக்கக் கேக்கப்போறது நான். போய் முன்னுக்கு இருங்கோ."

சட்டியை விட்டு என்ரை கோப்பையை எடுத்தேன். போய் இருந்தேன். அவ சொதி கொண்டு வந்தபோது மற்றவர்களைப்போல நானும் கோப்பையை நீட்டினேன். அவ என்ரை முகத்தைப் பார்க்கவில்லை.

பிசைந்த சோறு குசினிக்குள் ஈ மொய்த்துக் கிடந்தது. எல்லாரும் கை கழுவின கையோடு மாமா காரை எடுக்கத் திறப்பைக் கையில் எடுத்தார். "வாங்கோ மச்சான், வல்வெட்டித்துறைக் கடலைக் காட்டுறன்" என்றார்.

நானும் ஏறிப் போனேன்.