கிருஷ்ணகுமாரியின் தாளம்

நாற்பத்தேழாவது ரப்பர் மரத்தில் கவிதை வரி அமையவில்லை என்றால், கிருஷ்ணகுமாரி நாற்பத்தாறாவது மரத்துக்குத் திரும்பிப் போவார். ஏற்கெனவே வெட்டிய மரம். சிரட்டையில் பால் சொட்டத் தொடங்கியிருக்கும். அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தால்தான் விட்ட வரி பிடிபடும். அதனால் அவருக்குப் பிரித்து விடப்பட்ட மலைப் பகுதியில் வேலை எப்போதும் பிந்தும். கங்காணி சத்தம் போட்டால், "பால் நமக்காக நிக்காதுன்னு தெரியுங்க. வரி மட்டும் நிக்குதாக்கும்?" என்பார்.

இலங்கையில், ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பத்தொரு வருடமாகப் பால் வெட்டுகிறார். வயது ஐம்பத்து நான்கு. கவிதை எழுதுவது தெலுங்கில். ஆனால் தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. விசாகப்பட்டணத்துப் பக்கமிருந்து கப்பலேறி வந்த குடும்பம் வீட்டுக்குள் பேசிப் பேசி மிச்சம் வைத்த தெலுங்கை, தமிழ் எழுத்தில் எழுதுகிறார். எழுதுவது தேர்தல் துண்டுப் பிரசுரங்களின் பின்பக்கத்தில். "முன்னுக்குப் பொய் இருக்கு. பின்னுக்காவது சுத்தமா இருக்கட்டுமே."

தோட்டத்தில் தெலுங்கு தெரிந்த இன்னொருவர் அவருடைய அண்ணன். அவர் கட்டாருக்குப் போய்விட்டார். தொலைபேசியில் தங்கை கவிதையைத் தொடங்கியதும் அங்கே சிக்னல் போய்விடும். ஆக, அந்த மலைப் பக்கத்தின் ஒரே தெலுங்குக் கவிஞரும் ஒரே தெலுங்கு வாசகரும் கிருஷ்ணகுமாரிதான்.

இந்த நிலைமை தொழிற்சங்கத்துக்கு மிகவும் வசதியாக இருந்தது. அவர் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. மே தினக் கூட்டங்களில் பெரியவர்கள் பேசுமுன் அவரைப் பாட விடுவார்கள். யாருக்கும் புரியாததால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருமுறை மேடையிலிருந்த மாவட்டப் பிரதிநிதி, "அருமைம்மா, என்ன அர்த்தம்?" என்று கேட்டார். "உங்களத்தாங்க திட்டியிருக்கேன்" என்றார் கிருஷ்ணகுமாரி. அவர் விழுந்து விழுந்து சிரித்து, தன் கழுத்திலிருந்த பொன்னாடையைக் கழற்றி இவருக்குப் போர்த்திவிட்டார்.

சென்ற வருடம், ரப்பர் பால் களவு போகிறது என்று சொல்லி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கும் குறுக்குப் பாதைக்கு நிர்வாகம் இரும்புக் கேற் போட்டுப் பூட்டியது. கால் மைல் பாதை மூன்று மைலானது. இரண்டு வாரத்தில் ஜீவராணி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தது. ஆட்டோ கேற்றுக்கு வெளியே நின்றது. நான்கு பேர் அவளைத் தூக்கி, அரிசி மூட்டையை மாற்றுவதுபோல் கேற்றுக்கு மேலால் மாற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்ததால் அதைப் பெரிய விஷயமாக எடுக்கத் தேவையில்லை என்று நிர்வாகம் நினைத்தது.

மறுநாள் காலை பெண்கள் வேலைக்குப் போகாமல் கேற்றின் முன்னால் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகுமாரி ஒரு காட்போட் மட்டையில் இரண்டு வரி எழுதிக் கேற்றில் கட்டினார். அதையே நாள் முழுக்கப் பாடவும் செய்தார்.

"மா பாட்ட மாதே, மீ தாளம் மாக்கெந்துக்கு?"

அடுத்த நாள் விடிந்தபோது பூட்டு உடைந்து கிடந்தது. யார் உடைத்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லோருக்கும் தெரியும். நிர்வாகம் பொலிசுக்குப் போனது. உடைத்தவர் பெயர் இல்லாததால், தூண்டியவர் என்று கவிஞரின் பெயரைக் கொடுத்தது. சாட்சி, அந்தக் காட்போட் மட்டை.

பொலிஸ் நிலையத்தில் இப்திகார் என்றொரு கான்ஸ்டபிள் இருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாட்டு என்று இருக்கிறது, தாளம் என்று இருக்கிறது. மிச்சச் சொற்களுக்கு அர்த்தத்தைக் கிருஷ்ணகுமாரியிடமே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். "இது சங்கீத விஷயம் சேர்" என்று பொறுப்பதிகாரியிடம் சிங்களத்தில் விளக்கினார்: 'எங்கள் பாட்டு எங்களுடையது, உங்கள் தாளம் எங்களுக்கு எதற்கு?' பொறுப்பதிகாரியின் முகம் தெளிந்தது. பாட்டுக்கு வழக்குப் போட்டால் பத்திரிகைக்காரர்கள் வருவார்கள். வழக்கில்லை என்று எழுதி அனுப்பிவிடச் சொன்னார்.

இப்திகார் வாக்குமூலத்தை எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, "அக்கா, இதுல ஒப்பம் வச்சிட்டு வீட்ட போங்க" என்றார்.

கிருஷ்ணகுமாரி பேனையை வாங்கவில்லை.

"தம்பி, பிழையா எழுதியிருக்கீங்க."

"என்ன பிழை?"

"அது பாட்டு இல்லிங்க. பாதை."

தெலுங்கில் பாட்ட என்றால் பாட்டு. பஸ்ஸில் வருகிற 'ப'வைப் போட்டு அதையே சொன்னால் பாதை. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'ப'தான். தாளம் என்றால் தாளம், பூட்டுக்கும் பெயர் தாளம்தான். இதையெல்லாம் அவர் கான்ஸ்டபிளுக்குப் பொறுமையாக விளக்கினார். 'எங்கள் பாதை எங்களுடையது, உங்கள் பூட்டு எங்களுக்கு எதற்கு?'

இப்திகார் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பாட்டுண்டே இருக்கட்டும். இப்பவே வீட்ட போகலாம். பூட்டுண்டு சொன்னா கேஸ். விளங்குதா?"

"விளங்குது. முப்பது வருசமா எழுதுறேன். அர்த்தம் என்னான்னு ஒக்காந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். உங்ககிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களே."

பொறுப்பதிகாரி தலையில் கை வைத்தார். வாக்குமூலம் கிழிக்கப்பட்டு மறுபடி எழுதப்பட்டது. அவருடைய கவிதை முதன்முதலில் மொழிபெயர்க்கப்பட்டது அப்படித்தான்: சிங்களத்தில், பொலிஸ் முத்திரையுடன். ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். கொடுக்கவில்லை.

நீதிமன்றத்தில் விஷயம் வேறு திசையில் போனது. குற்றம் சாட்டப்பட்டவரே செய்த மொழிபெயர்ப்பை ஏற்க முடியாது, தகுந்த தெலுங்கு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவாருங்கள் என்றார் நீதவான். வழக்கு முடியும்வரை பூட்டு நீதிமன்றத்தின் சான்றுப் பொருள். கேற்றில் யாரும் கைவைக்கக் கூடாது, இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டார். அது திறந்தபடி இருந்தது. ஜீவராணி பிள்ளையைத் தடுப்பூசிக்கு அந்த வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள். வழக்கில் மூன்று தவணை நாள் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை, கேற்றும் திறந்தே கிடக்கிறது.

நான்காவது தவணைக்கு, இவரைப் பற்றி எழுத வந்த நானும் போயிருந்தேன். கிருஷ்ணகுமாரி வெளுத்த நீலச் சேலையில் கூண்டில் நின்றார். முந்தைய இரவு முழுக்கத் தன் இரண்டு வரிக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்ததாக நீதிமன்றப் படியில் வைத்து என்னிடம் சொல்லியிருந்தார். "அந்த 'மாக்கெந்துக்கு'ல ஒரு எளக்காரம் இருக்குங்க. அது சிங்களத்துல வரவே இல்ல. கோட்டுக்காரங்களுக்கு அத நான் சொன்னாத்தான் விளங்கும்."

வழக்கு கூப்பிடப்பட்டது. இந்த முறையும் மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நீதவான் சலிப்புடன் ஏதோ சொன்னார். நீதிமன்றத்தில் சிங்களத்தைத் தமிழாக்கும் முதலியார் எழுந்து, மண்டபம் முழுவதையும் பார்த்து முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் கேட்டார்: "இங்கே தெலுங்கு தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?"

கூண்டில் கிருஷ்ணகுமாரியின் வலது கை மேலே எழுந்தது. தோள்வரை வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாக, காதோரம் கலைந்திருந்த மயிரைக் கொண்டையில் செருகிவிட்டுக் கீழே இறங்கியது.