ஜவுளிக் கடையில் அந்த மூன்று நாட்கள்

ஜவுளிக் கடைக்கு ஆள் எடுப்பவர்கள் காலைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எங்களையெல்லாம் முகத்தைப் பார்த்து எடுத்துவிட்டார்கள். காலை ஒன்பதரைக்குக் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றால், சாப்பாட்டு நேரம் அரை மணி போக, கடை சாத்தும் வரை நிற்க வேண்டும். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் கடைக்கு அதில் சொன்ன ஸ்டூல்தான் இன்னும் வரவில்லை.

என் பெயர் ராக்கு. காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில், பருத்திச் சேலைப் பிரிவில், பத்தொன்பது வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். இருப்பதில் மூத்தவள் என்பதால் சின்னப் பெண்களின் வயிற்றுவலி விவகாரம் முழுவதும் என் தலையில். சாதாரண நாளில் நிற்பது ஒரு மாதிரி, அந்த மூன்று நாள் நிற்பது வேறு மாதிரி. அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்துகொண்டிருக்கும்போது, “இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும்க்கா” என்று சிரிக்க வேண்டும். இதைப் படிப்பவர்களில் நின்று பிழைக்கிற பெண்கள் இருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நாங்களும் அதைத்தான் செய்கிறோம்.

மூன்று லீவு

பாண்டிச்செல்வி கீழச்சிவல்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண். இருபத்திரண்டு வயது. வீட்டில் சம்பளம் என்று ஒன்று வருவது அவளால்தான். வேலையில் கெட்டிக்காரி, சேலை வாங்க வராதவர்களுக்குக்கூட விற்றுவிடுவாள். ஆனால் மாதத்தில் முதல் நாள் மட்டும் முகம் வெளுத்து, வாந்தி எடுத்து, இரண்டாக மடிந்துவிடுவாள். அப்படி மூன்று மாதம் வரிசையாக மூன்று லீவு போட்டுவிட்டாள்.

எங்கள் மேனேஜர் சுந்தரம் சார் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு லீவு போட்டால் அவளுக்குப் பதில் வேறு ஆள் எடுத்துவிடுவேன் என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மனைவியும் இரண்டு தங்கைகளும் ஒரு மகளும் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்து, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்:

“வயித்துவலின்னு சொல்லுது. வயித்துவலி எங்கயாச்சும் மாசம் தவறாம வருமாம்மா?”

ஆளுக்கொரு கஷாயம்

ஆக, அடுத்த மாதம் செல்வியை எப்படியாவது நிற்க வைத்தாக வேண்டும். விஷயம் வெளியே தெரிந்ததும் மாடியில் இருந்த ஏழு பெண்களும் வைத்தியர்களாகிவிட்டார்கள். ஒருத்தி சுக்குத் தண்ணீர், ஒருத்தி ஓமத் தண்ணீர், ஒருத்தி இரவே ஊறவைத்த வெந்தயம், ஒருத்தி இஞ்சியும் கருப்பட்டியும். “எங்க அம்மாவுக்கு இதுலதான் கேட்டுச்சு” என்று எல்லோருமே சொன்னார்கள். என் பங்குக்கு நானும் சோம்புத் தண்ணீர் கொண்டுபோனேன்.

இதில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். வெதுவெதுப்பாக எது உள்ளே போனாலும் கொஞ்சம் இதம்தான். ஆனால் செல்வி யார் மனமும் நோகக் கூடாது என்று பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் ஐந்தையும் குடித்துவிட்டாள். எங்கள் மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரண்டு மாடி இறங்கிப் பின்கட்டுக்குப் போக வேண்டும். நான்காவது தடவை ஏறி வந்தவளிடம், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“வலி இருக்கான்னு பாக்கவே நேரமில்லக்கா.”

நல்ல ஃபிளாஸ்க்

அதற்கடுத்த மாதம், உள்ளே ஊற்றுவதை விட்டுவிட்டு வெளியே சூடு வைப்போம் என்று முடிவு செய்தோம். நாள் வருவதற்கு முன்பே ஒத்திகையாக ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வெந்நீர் ஊற்றினோம். அது எங்கள் கண் முன்னாலேயே சுருண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதைப் பார்த்து, என் மருமகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஃபிளாஸ்க்கை அவளுக்கு நாள் வந்தன்று எடுத்துப்போனேன். காலையில் ஊற்றினால் சாயங்காலம் வரை கொதிக்கும். விலை உயர்ந்த சாமான், அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே அன்றுதான்.

செல்வி அதைத் துண்டில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, மேலே முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். எடுத்துத் தொட்டால் ஃபிளாஸ்க் ஐஸ் மாதிரி இருக்கிறது. சூடு வெளியே வராமல் இருப்பதற்குத்தான் அத்தனை விலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்வி அதை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.

“தண்ணியத் தவிர இது யாரையும் கவனிக்கலக்கா.”

சுடச்சுடக் கண்டாங்கி

எங்கள் தொழிலிலேயே மருந்து இருக்கும்போது சிங்கப்பூர் எதற்கு? ஃபால்ஸ் தைக்கிற மூலையில் இஸ்திரிப் பெட்டி எப்போதும் சூடாக இருக்கும். கண்டாங்கிச் சேலை நல்ல கெட்டியான பருத்தி, மடித்துத் தேய்த்தால் சூட்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மடிப்பாகத் தேய்த்து, சுடாத பதமா என்று புறங்கையில் வைத்துப் பார்த்து, செல்வியின் வயிற்றுக்கும் கவுண்டருக்கும் நடுவில் செருகிவிட்டேன். ஒன்று ஆறினால் இன்னொன்று. கேட்டது! வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் முகத்தில் நிறம் திரும்பியது. எனக்கு அழுகை வராத குறை.

அந்த நேரம் பார்த்து, அரியக்குடிக் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு அம்மா நேராக எங்கள் கவுண்டருக்கு வந்தார். அலமாரியில் நூற்றைம்பது சேலை இருக்கிறது. அவர் கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “அங்குட்டு வச்சிருக்கீகளே, அந்த அரக்குக் கலரு, அதக் காட்டுங்க” என்றார். வேறு எதைக் காட்டியும் மசியவில்லை. மறைத்து வைத்ததால் நல்ல சேலை என்று நினைத்துவிட்டார். செல்வி வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். வாங்கிப் பிரித்தவர் அப்படியே கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஆத்தாடி, இம்புட்டுச் சூடா இருக்கே! இப்பத்தான் தறியிலருந்து எறக்குனீகளா?”

ரெஸ்ட்

அந்த அம்மா இரண்டு சேலை வாங்கிப் போனது தனிக்கதை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம். நான் சேலைக்காரி, என் வைத்தியத்தை நம்பி இந்தப் பெண் உள்ளே இருக்கிற வேறு எதையாவது கவனிக்காமல் விட்டுவிட்டால்? வாரவிடுமுறை நாளில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டரம்மா, நன்றாகவே விசாரித்தார், ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். பயப்படும்படி ஒன்றும் இல்லை, சிலருக்கு முதல் நாள் இப்படித்தான் இருக்கும் என்றார். தாங்க முடியாதபோது போட்டுக்கொள்ள மாத்திரை எழுதினார். மாத்திரைக்கும் அடங்காவிட்டாலோ உதிரப்போக்கு அதிகமானாலோ வீட்டிலேயே பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

சூடு வைக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக வைக்கலாம், ஆனால் இஸ்திரிப் பெட்டி வேண்டாம், ரப்பரில் வெந்நீர்ப் பை விற்கிறது, அதை வாங்குங்கள் என்றார். கொஞ்சம் நடப்பது நல்லது, ஒரேயடியாக நிற்பதுதான் ஆகாது. முதல் நாள் மட்டும் அவ்வப்போது உட்கார்ந்து ரெஸ்ட் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய செல்வி, கடைசியில் சீட்டைத் திருப்பி மேஜையில் வைத்தாள்.

“எங்க உக்காரன்னும் எழுதிக் குடுத்துருங்க டாக்டர்.”

மெத்தை

எங்கள் கடையில் விற்கிறவர்கள் உட்காருகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. கீழே பட்டுப் பிரிவில் வெள்ளைத் துணி விரித்த மெத்தை. வாங்குகிறவர்களும் உட்காருவார்கள், காட்டுகிறவர்களும் உட்காருவார்கள். ஆனால் முகூர்த்தப் பட்டு எடுக்கிறவர்கள் நல்ல நேரம் பார்த்து, மஞ்சள் குங்குமத் தட்டோடு வருகிறார்கள். முதல் சேலைக்குப் பொட்டு வைத்துத்தான் பிரிப்பார்கள். அந்த மூன்று நாட்களில் இருக்கிற பெண் அந்த மெத்தைப் பக்கம் போவதில்லை. யாரும் எழுதி ஒட்டவில்லை, நாங்களே ஒதுங்கிக்கொள்வோம். உட்கார இடம் உள்ள ஒரே பிரிவில், உட்கார்ந்தே ஆக வேண்டியவளுக்கு மட்டும் இடம் இல்லை.

ஒரு நாள் காலையில் பட்டுப் பிரிவுப் பெண் வரவில்லை. பத்தரைக்கு ஒரு பெரிய வீட்டு ஆச்சி மகளுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறார்கள். மேனேஜர் மாடிக்கு வந்து, “செல்வி, நீ கீழ போ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செல்விக்கு அன்று முதல் நாள். காரணத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போனால் அது நான்காவது லீவு. “என்னக்கா செய்ய?” என்றாள். “போய் உக்காரு. யாராச்சும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு” என்று சொல்லி, புதிதாக வாங்கிய வெந்நீர்ப் பையை நிரப்பித் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது. அவள் படி இறங்கியதும்தான் மற்றதெல்லாம் உறைத்தது. தெரிந்துவிட்டால் ஆச்சி தட்டோடு எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றோடு வேலை போய்விடும். சும்மா நான்கு சேலையைத் தூக்கிக்கொண்டு நானும் கீழே போனேன்.

ஆச்சி, கல்யாணப் பெண், கூட வந்தவர்கள் எட்டுப் பேர். செல்வி வெந்நீர்ப் பையை மடியில் வைத்து, அதன்மேல் சேலையை விரித்து விரித்துக் காட்டினாள். எல்லோரும் கருத்துச் சொன்னார்கள், கல்யாணப் பெண்ணைத் தவிர. அவள் முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை வயிற்றுக்குக் குறுக்கே வைத்திருந்தாள். எதைக் காட்டினாலும், “இதே இருக்கட்டும் ஆத்தா, போதும்” என்றாள். பெண்ணுக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று கூட வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். செல்வி மட்டும் வேறு எதையோ பார்த்தாள். ஒரு அரக்குப் பட்டை எடுத்து, “இத மடியில வச்சுப் பாருங்க, கனம் தெரியும்” என்று, அடியில் தன் வெந்நீர்ப் பையோடு சேர்த்துக் கல்யாணப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

பெண் ஒரு முறை செல்வியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சேலையை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “ஆத்தா, எனக்கு இதுதான் வேணும்” என்றாள். ஐந்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. அடுத்தடுத்து ஆறு சேலையை அவளே பார்த்து எடுத்தாள். மடியில் இருந்ததை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை.

“முந்தியக் காட்டு ஆத்தா” என்று மகளிடம் சொல்லி ஆச்சி சேலையின் ஒரு ஓரத்தைத் தூக்கினார். பை தெரிந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது, எனக்கு அன்று நாள்கூட இல்லை. ஆச்சி பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், குங்குமத் தட்டைப் பார்த்தார். பிறகு செல்வியைப் பார்த்தார். பையைக் கொடுத்த பிறகு செல்வி குனிந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் புரியும். ஆச்சி சேலையை மறுபடியும் பையின் மேல் இழுத்து மூடி, சுருக்கம் எடுத்துவிட்டார். “நாள் பாத்துச் சொன்னவரு இதக் கேக்கலயே” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, “சும்மா நிக்கிறதுக்கு, இந்தப் பிள்ளைக்கும் சூடா ஒண்ணு கொண்டாங்களேன்” என்றார். நான் படியேறி ஓடியதை மாடியில் இருந்தவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

புறப்படும்போது மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, திருப்திதானே ஆச்சி என்று கேட்டார். “சின்னவளுக்கு எடுக்கவும் இங்கதான் வருவோம். அப்பவும் இந்தப் பிள்ளை இங்க உக்காந்திருக்கணும்” என்று சொல்லிவிட்டு ஆச்சி காரில் ஏறினார். அன்றிலிருந்து செல்வி பட்டுப் பிரிவில்தான். மாதம் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள், அந்த மூன்று நாளும் சேர்த்து. அப்புறம் லீவே போடவில்லை. மாடியில் நாங்கள் வழக்கம்போல நிற்கிறோம்.

மேனேஜருக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு சேலை எடுக்க வந்தவர்கள் ஏழு சேலை எடுத்தது எப்படி, அந்தப் பெண் என்னதான் சொல்லி விற்றாள் என்று என்னைக் குடைந்தார். ஒன்றும் சொல்லவில்லை சார், மடியில் வைத்துக் காட்டினாள், அவ்வளவுதான் என்றேன். பொய் இல்லை. மறுநாள் காலை எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து அறிவித்தார்:

“இனிமே எல்லாரும் சேலைய மடியில வச்சுத்தான் காட்டணும். அதுலதான் என்னமோ இருக்கு.”

பத்தொன்பது வருட அனுபவத்தில் நான் கண்ட வீட்டு வைத்தியம் இதுதான்: அந்த மூன்று நாளில் சுக்கோ, ஓமமோ, வெந்தயமோ, எதை வேண்டுமானாலும் குடியுங்கள், ஆனால் உட்கார்ந்து குடியுங்கள்.