டைப்ரைட்டரில் இல்லாத காக்கைக்கால்

போடியில் ஏலக்காய் எஸ்டேட் ஆபீஸில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த ஐந்தாம் மாதமே எனக்குச் சீட்டுக் கிழிய இருந்தது. காரணம் ஏலக்காய் இல்லை. நான் கண்ணால் பார்த்திராத ஓர் இங்கிலீஷ் கிராமம். யுத்தம் வருவதற்கு இரண்டு வருஷம் முந்திய கதை இது.

எங்கள் மானேஜர் துரைக்குச் சொந்த ஊர்ப் பைத்தியம். அறுபது வீடுகூட இல்லாத அந்த ஊரின் ஆதி சரித்திரத்தைப் புஸ்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். அங்குள்ள பாதிரியார், மாதாகோயில் பெட்டியில் கிடந்த பழைய பட்டியல்களைக் கையால் காப்பி எடுத்துக் கப்பல் தபாலில் அனுப்புவார். அந்தக் கையெழுத்து துரையின் கண்ணுக்கு ஆகாது. உறையைப் பிரித்ததும் என்னிடம் தள்ளிவிடுவார். நான் டைப் அடித்துத் தர வேண்டும்.

அப்படி வந்த ஒரு காகிதக் கட்டில், ஆற்றோரப் புல்தரையை ஊரார் பங்கு போட்ட பட்டியல் மூன்று வருஷத்துக்கு இருந்தது. அடித்துக் கொடுத்தேன். திங்கட்கிழமை ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்தார். சிரித்த முகத்தோடே தலையில் கல்லைப் போடுபவர் அவர்.

"என்னப்பா அடிச்சு வச்சிருக்க? மொத வருசம் ஒண்ணாம் பங்குல இருந்தவன் மறு வருசம் ஏழுல கெடக்கான். பேரையெல்லாம் கலச்சுப்பிட்டயாம். வெள்ளிக்கெழமக்குள்ள சரி பண்ணச் சொன்னாக தொர. இல்லேன்னா வேற ஆளு பாத்துக்கிறாகளாம்."

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். வேலை போனால் பெண் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது? உண்மையாகவே பயந்துபோனேன்.

பாதிரியாரின் காப்பியோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். ஒரு பெயரும் பிசகவில்லை. ஆனால் நான் ஒன்றை விட்டிருந்தேன். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் சின்னப் படம் ஒன்று இருந்தது: காக்கைக்கால், சிலுவை, மூன்று புள்ளி. டைப்ரைட்டரில் அதற்குக் கீ கிடையாது. கிறுக்கல் என்று நானே பெரிய மனுஷன் மாதிரி தீர்மானம் பண்ணித் தள்ளிவிட்டேன்.

மூன்று வருஷமும் காக்கைக்கால் ஒரே ஆளோடுதான் இருந்தது, பங்குதான் மாறியது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், குளம் வற்றியதும் தண்ணீர் நின்ற உள்வாய் நிலத்தைப் பயிர் வைக்க இப்படித்தான் பிரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு குறி. அதை ஓலை நறுக்கில் கீறிப் பானையில் போட்டு எடுப்பார்கள். எங்கள் வீட்டுக் குறி அரிவாள்.

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. மறுநாளே துரை முன்னால் போய் நின்று, படங்களை விட்டது என் தப்பு என்று முதலில் ஒத்துக்கொண்டேன். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதால் மீதியைத் தமிழிலேயே சொன்னேன்.

"எங்க ஊருக் கொளத்துலயும் இதே வழக்கந்தாங்க தொர. வருசா வருசம் சீட்டுப் போட்டு எடுப்பாக. குறி ஆளோட போகும், நெலம் மாறும். நல்ல மண்ணு ஒருத்தருகிட்டயே தங்கிறக் கூடாதுல்ல."

துரை மூன்று பட்டியலையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் விரலோட்டிப் பார்த்தார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டி, எங்கள் வீட்டுக் குறியைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். வேலை தங்கியது; கல்யாணமும் நடந்தது.

பட்டியலை மறுபடி அடித்தேன். இந்தத் தடவை பெயருக்கு முன்னால் இடம் விட்டு, குறிகளைப் பேனாவால் வரைந்தேன். அதன் பின் முப்பது வருஷம் பல ஆபீஸ்களில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெஷினில் கீ இல்லையென்றால் இடம் விட்டு வையுங்கள், தள்ளிவிடாதீர்கள்.

துரையின் புஸ்தகம் அச்சானபோது எனக்கும் ஒன்று வந்தது. நான் வரைந்த குறிகளையே அச்சுப் பிளாக் எடுத்துப் போட்டிருந்தார்கள். பக்கத்தின் அடியில், பட்டியலில் இல்லாத ஒரு குறியும் இருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டின் குறி என்று துரை அதற்குக் கீழே எழுதியிருந்தார். எங்கள் அரிவாள்.